பதின்மூன்றாம் வாரத்துக்கு இரண்டு சாட்சிகள்

கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் பச்சை விளக்கு எரிந்த பெட்டி, வீட்டு ஃபிரிட்ஜுக்கு வைக்கிற ஸ்டெபிலைசர்தான் என்று முதலில் எழுதியவன் தென்னரசு. நான்காம் வாரம் வந்த வேற்றுக்கோள் ஆசாமி, சாக்குத்துணி உடுப்புக்குக் கீழே ரப்பர் செருப்பு போட்டிருந்தான் என்று எழுதியவனும் அவன்தான். அந்த இரண்டு பதிவுகளுக்குப் பிறகுதான் குழுவில் ஆள் சேர ஆரம்பித்தது. இன்றைக்கு மூவாயிரத்து எண்ணூறு பேர்.

குழுவின் பெயர் 'துருவக்கப்பல் பயணிகள்'. 1992 பிப்ரவரியிலிருந்து மே வரை, செவ்வாய்க்கிழமை தோறும் இரவு ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியில் பதின்மூன்று வாரம் ஓடிய தொடர் 'துருவக்கப்பல்'. ஆதவன் என்ற கேப்டன் துருவ நட்சத்திரத்தை நோக்கிக் கப்பலை ஓட்டிக்கொண்டு போகிறார். வீட்டில் அவருடைய மகள் வெண்ணிலா காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஒளிநாடாக்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியவை ஒரு வார இதழில் வந்த நான்கு கறுப்பு வெள்ளைப் படங்கள்.

ஆகவே குழு ஞாபகத்தை வைத்தே நடந்தது. பதின்மூன்று வாரக் கதையையும் உறுப்பினர்கள் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தார்கள். அதற்கு 'ஞாபகக் கோப்பு' என்று பெயர். அதில் ஒரு வரி ஏற வேண்டுமானால் இரண்டு பேர் "பார்த்தேன், சாட்சி" என்று போட வேண்டும். ஒற்றைச் சாட்சி செல்லாது. இந்த விதியைக் கொண்டுவந்தவன், குழுவின் அட்மின் தென்னரசு.

மற்ற நேரங்களில் குழு வாய்ச்சண்டையில் ஓடியது. காலப்பயணம் போன ஹீரோ அப்பாவைக் காப்பாற்றிவிட்டால் அப்புறம் எந்தத் துக்கத்தில் அவன் காலப்பயணம் போனான் என்று ஒருவர் கேட்பார். செவ்வாய் கிரகத்தில் டூயட் பாடுகிற படத்தை அறிவியல் படம் என்று சொன்னவரை நான்கு நாள் வறுத்தெடுப்பார்கள். விழுப்புரத்தில் இயற்பியல் முதுகலை படிக்கிற கலைப்பிரியா மட்டும் பழசின் பக்கம் நிற்க மாட்டாள். "அங்கிள்களா, உங்க ஏலியன் சாக்குப்பைய மாட்டிக்கினு பஸ்ஸுக்கு நிக்கிறவரு மாரி இருக்காரு. இதுக்கு மூவாயிரம் பேரு அழுவுறீங்க" என்று எழுதுவாள். முந்நூறு பேர் பாய்வார்கள். கடைசியில் தென்னரசு இரண்டு வரி எழுதுவான். 'அண்ணன் தீர்ப்பு சொல்லிட்டார்' என்று பேச்சு முடியும்.

வெளியே தென்னரசுவிடம் யாரும் தீர்ப்புக் கேட்டதில்லை. நாற்பத்தாறு வயது. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். காலையில் காதணி விழா, மதியம் கட்சிக்காரர் பிறந்தநாள், சாயங்காலம் கண்ணீர் அஞ்சலி. வருகிறவர்கள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்த ரோஜாவ இன்னும் கொஞ்சம் பெருசாக்கு. ஜல்தி, ஜல்தி" என்பார்கள். ரோஜா பெரிதானால் முகம் மறைந்துவிடுமே என்று அவன் சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். கடை முதலாளியும் அவனைவிடப் பத்து வயது சின்னவர். "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். குழுவைத் திறந்தால் 'அண்ணே', 'தலைவரே', 'நீங்க சொன்னா சரியா இருக்கும்ணே'. மனிதனுக்கு ஒரு இடத்திலாவது அது வேண்டியிருக்கிறது.

ஞாபகக் கோப்பில் எல்லா வாரமும் சண்டையில்லாமல் ஏறியது. பதின்மூன்றாம் வாரத்தில்தான் வந்தது வினை.

தென்னரசு எழுதியது இது: கடைசிக் காட்சியில் கதவு திறக்கிறது. பூட்ஸ் சத்தம். வெள்ளி உடுப்பில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேப்டன் ஆதவன் உள்ளே வருகிறார். "வெண்ணிலா, வந்துட்டேன்மா" என்கிறார். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். முடிந்தது.

இல்லை என்றான் சவுரிராயன். ஒலக்கூர் காலனியில் தென்னரசுவோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். இப்போது திண்டிவனத்தில் மிக்ஸி, ஃபேன் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். குழுவைத் தொடங்கியதே இவர்கள் இருவரும் சேர்ந்துதான். "கேப்டன் திரும்பி வர்றதே இல்ல. குரல் மட்டுந்தான் வரும். முதல் வாரத்துல டேப் ரெக்கார்டர்ல பேசி வெச்சிட்டுப் போனாரே, அதைக் கொண்டாந்து போடுவாங்க. கடைசி வாரம் நான் திண்டிவனத்துல எங்க சித்தி வீட்டுல பார்த்தேன்" என்று எழுதினான்.

'நான் கண்ணால் பார்த்தேன்' என்று பதில் எழுதினான் தென்னரசு.

இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் மணிமாறன் வந்தான். ஒலக்கூரில் கரும்பும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற சீனுவாசனின் மகன். அந்த ஊரில் அப்போது டிவி இருந்தது அவர்கள் வீட்டில்தான். 'எங்க வீட்டு ஹாலில் தென்னரசுவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். கேப்டன் வந்தார். நான் சாட்சி' என்று எழுதினான். தென்னரசு அதற்கு ஒரு லைக் போட்டான். ஞாபகக் கோப்பில் பதின்மூன்றாம் வாரம் ஏறியது.

அதோடு விட்டிருக்கலாம். குழுவினருக்கு ருசி கண்டுவிட்டது. சவுரிராயனைப் 'புளுகுராயன்' என்றார்கள். அவன் விடாமல் பதில் போட்டுக்கொண்டிருந்தான். அன்று மதியம் கடையில் வேலை குறைவு. தென்னரசு கண்ணீர் அஞ்சலி டெம்ப்ளேட்டைத் திறந்து சவுரியின் படத்தை வைத்தான். மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே மேகம். கீழே, 'அண்ணன் சவுரிராயனின் ஞாபகசக்தி இயற்கை எய்தியது. வருந்தும் பயணிகள்.' பத்து நிமிட வேலை. குழுவில் போட்டதும் ஆயிரத்து இருநூறு சிரிப்பு முகங்கள். அவன் வாழ்நாளில் செய்த எந்த டிசைனுக்கும் அத்தனை பேர் சிரித்ததில்லை.

படம் குழுவைத் தாண்டி ஒலக்கூருக்குப் போயிற்று. சவுரியின் அம்மா சவுரியம்மாள் களையெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். யாரோ போனை நீட்டினார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகனின் முகமும் மாலையும் விளக்கும்தான் தெரிந்தன. திண்டிவனத்திலிருந்து சவுரி பைக்கில் வந்து சேருகிறவரை மண்ணில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். வந்தவனைத் தொட்டுப் பார்த்தும் நம்பவில்லை என்று சொன்னார்கள்.

அன்று சவுரி குழுவைவிட்டுப் போனான். அது 2019. ஆறு வருடமாகப் பேச்சு இல்லை.

இந்த வருடம் ஜூனில் கோலியனூர்க்காரன் ராஜ்குமார் ஒரு குண்டு போட்டான். சென்னையில் வேலை செய்யும் அவன், பழைய கேமராக்காரர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து ஒரு வீடியோ கேசட்டைக் கண்டெடுத்திருந்தான். துருவக்கப்பல், பதின்மூன்றாம் வாரம். விழுப்புரத்தில் ஹால் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது என்று முடிவாயிற்று. குழுவே கூத்தாடியது. தென்னரசுதான் முன்னுரை பேச வேண்டும். மேடைக்குப் பின்னால் வைக்கிற ஃபிளெக்ஸும் அவன்தான் செய்ய வேண்டும்.

"அண்ணே, ஃபைல் அனுப்பிட்டேன். கேப்டன் கதவத் தொறந்துக்கினு உள்ள வர்ற சீன்லருந்து ஒரு ஸ்டில் எடுத்துக்குங்க. நான் இன்னும் பாக்கல, எல்லாரோடவும் பாக்கணும்னு வெச்சிருக்கேன்" என்றான் ராஜ்குமார் போனில்.

புதன்கிழமை, சாப்பாட்டு நேரம். கடையில் யாரும் இல்லை. தென்னரசு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டினான்.

கதவு திறக்கும் சத்தம். அதே சத்தம். பூட்ஸ் சத்தம். அதே ஏழு காலடி. உள்ளே வந்தவர் காக்கிச்சட்டை அதிகாரி ஒருவர். கையில் டேப் ரெக்கார்டர். அதை ஒரு நாற்காலியில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். "வெண்ணிலா, வந்துட்டேன்மா." குரல் முடிகிறது. பெண் அழுகிறாள். அழுதுகொண்டே மண்டி போட்டு, டேப் ரெக்கார்டரில் காதை வைத்து ஒட்டிக்கொள்கிறாள். வேறு ஏதாவது வருமா என்று கேட்கிறாள்.

அப்படிக் காதை ஒட்டிக்கொண்டு கேட்பது அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வாரம் அவனும் சவுரியும் தெருப் பிள்ளைகளும் சீனுவாசன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள். வாசற்படி ஏறியதில்லை. ஏறலாமா என்று கேட்டதும் இல்லை. பதின்மூன்றாம் வாரம் சவுரி திண்டிவனத்துக்குப் போயிருந்தான். அன்று அந்த வீட்டுக்குச் செஞ்சியிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். "இன்னா இது, ஜன்னல் பூரா தலையா இருக்குது" என்றார் ஒருவர். சீனுவாசன் எழுந்து வந்து ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினார். மே மாதம், பன்னிரண்டாம் தேதி. அந்தப் புழுக்கத்தில் உள்ளே அத்தனை பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். தென்னரசு மட்டும் பலகையில் காதை வைத்துக்கொண்டு நின்றான். கேட்டதற்கெல்லாம் மனதில் படம் போட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் சொன்னான். அப்புறம் பாலிடெக்னிக்கில் சொன்னான். எத்தனையாவது தடவையில் அது பார்த்ததாக மாறிற்று என்று அவனுக்கே தெரியாது.

கதவு திறக்கிற ஸ்டில் இல்லாமல், தலைக்கவசம் மட்டும் இருக்கிற ஃபிளெக்ஸாகச் செய்து அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினான்.

சவுரியின் கடை மேம்பாலத்துக்குக் கீழே இருந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபேன் ஒன்றுக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் காகிதத்தில் வேகவைத்த மல்லாட்டை. நிமிர்ந்து பார்த்தான்.

"அட, அட்மின் சாரா! இன்னா சார் இந்தப் பக்கம்? யாரு செத்தா?"

"சவுரி..."

"போஸ்டருக்கு போட்டோ வேணும்னா புதுசா ஒண்ணு எடுத்துக்கினு போ. பழைய போட்டோல முடி நெறைய கீது. ஜனங்க ஏமாந்துடுவாங்க."

"கேசட் கெடச்சிடுச்சிடா. பாத்துட்டேன். நீ சொன்னதுதான்."

சவுரியின் கை நிற்கவில்லை. "நான் சொன்னதுதான்னு எனக்குத் தெரியாதா? இத எனக்கு வந்து சொல்றதுக்கா பஸ்ஸு ஏறி வந்த?"

"ஞாயித்துக்கெழம விழுப்புரம் வா. மேடையில சொல்லிடறேன்."

"இன்னான்னு?"

"ஞாபகம் தப்பிடுச்சின்னு. சவுரி சொன்னதுதான் சரின்னு."

"ஒனக்கு எங்கடா ஞாபகம் தப்புச்சு? ஜன்னல சாத்திட்டாங்க."

மேலே பாலத்தில் லாரி ஒன்று போய் முடிந்தது.

"யாரு சொன்னா?"

"ஊருக்கு வந்த அன்னிக்கே பசங்க சொல்ட்டானுங்க. நாங்கல்லாம் வந்துட்டோம், தென்னரசு மட்டும் பல்லி மாரி பலகையில ஒட்டிக்கினு நின்னான்னு."

"அப்ப ஏன் குரூப்புல சொல்லாம வுட்ட? ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே."

சவுரி கம்பியைக் கீழே வைத்தான். "போட்டிருந்தா நீ பொய் சொன்னது மட்டுமா தெரியும்? நாம எங்க நின்னு பாத்தோம்னு தெரியும். ஒன்ன வெளிய நிக்க வெச்சிட்டு நான் எப்பிடிடா தப்பிப்பேன்? பன்னெண்டு வாரம் நானும் அங்கதான நின்னேன்." ஒரு மல்லாட்டையை உடைத்தான், தின்னவில்லை. "மணிமாறன் ஹால்ல ஒண்ணா ஒக்காந்து பாத்தோம்னு எழுதுனான் பாரு, அதுல கூட எனக்குக் கோவம் வர்ல. அவன் வூடு, அவன் எழுதுவான். நீ அதுக்கு லைக் போட்ட."

போன் அடித்தது. சவுரி எடுத்து, "இருக்கேம்மா... கடையிலதாம்மா... ம்" என்று சொல்லி வைத்தான்.

"மணி நாலு," என்றான். "ஆறு வருஷமா டெய்லி ஒரு போன். உசுரோட கீறேனான்னு பாக்கறதுக்கு."



"மேடையில சொல்றதுன்னா ஜன்னல சொல்லு," என்றான் சவுரி, கம்பியை மறுபடி எடுத்து. "டேப் ரெக்கார்டரு, கேப்டன் வந்தாரா வர்லியா, அதெல்லாம் எனக்கு வேணாம். ஜன்னல சொல்லு. நான் ஃபோன்ல பாத்துக்கறேன், லைவ் போடுவீங்க இல்ல."

"சொல்றேன்."

"பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இருநூறு பேர். சேலத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்திருந்தார்கள். சாக்குத்துணி உடுப்பும் ரப்பர் செருப்புமாக ஒருவர் வந்து எல்லோரோடும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். மணிமாறன் காரில் வந்தான். கூடவே எண்பது தாண்டிய தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்திருந்தான். ராஜ்குமார் சீனுவாசனுக்குச் சால்வை போர்த்தி, "ஒலக்கூருக்கே டிவி காட்டுன மனுஷன் இவரு" என்று மைக்கில் சொன்னான். கைத்தட்டல். முன்வரிசை நடுவில் அவரை உட்கார வைத்தார்கள்.

முன்னுரையைப் படம் முடிந்ததும் பேசிக்கொள்கிறேன் என்று தென்னரசு தள்ளிப்போட்டான். விளக்கு அணைந்தது. படம் ஓடியது. டேப் ரெக்கார்டர் நாற்காலிக்கு வந்தது. விளக்கு எரிந்தபோது இருநூறு தலையும் அவன் பக்கம் திரும்பின.

மைக்கைப் பிடித்தான். மூன்று நாளாகப் பஸ்ஸிலும் கடையிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான். முதல் பாதி சுலபமாக வந்தது.

"சவுரிராயன் சொன்னதுதான் சரி. நான் போட்ட போஸ்டருக்கு அவன்கிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நான் கடைசி வாரத்தப் பாக்கல. கேட்டேன். வெறும் சத்தத்த மட்டும் கேட்டேன். ஜன்னல..."

முன்வரிசையில் சீனுவாசன் காதுக்குக் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு. அவருக்கு எதுவும் ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. மணிமாறன் சிரிக்கவில்லை. சால்வையின் நுனியை இழுத்து அப்பாவின் தோளில் சரிசெய்துவிட்டு, தென்னரசுவையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை மிரட்டலாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கெஞ்சலாக இருந்தது.

"ஜன்னல சாத்திட்டாங்க," என்றான் தென்னரசு. "அன்னிக்கு மழ. சாரல் உள்ள அடிக்குதுன்னு சாத்திட்டாங்க."

போஸ்டரில் காலி இடம் தெரிந்தால் கை தானாக ஒரு பூவைக் கொண்டுபோய் வைக்குமே, அப்படி வந்து விழுந்தது மழை.

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. "சத்தத்த மட்டும் கேட்டு ஒரு க்ளைமாக்ஸே எடுத்திருக்காருப்பா எங்க அண்ணன்!" என்று ராஜ்குமார் கத்தினான். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜ முடிவைவிட அண்ணன் முடிவுதான் நல்ல முடிவு என்று ஒரு கட்சி அங்கேயே உண்டாயிற்று. மணிமாறன் மேடைக்கு வந்து தோளில் கைபோட்டான். சக்கர நாற்காலியை நடுவில் வைத்து எல்லோருமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். மழை பெய்யும்போது நீ ஏன் வெளியே நின்றாய் என்று அத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை. சாக்குத்துணிக்குக் கீழே ரப்பர் செருப்பைக் கண்டுபிடித்த கூட்டம் அது.

மேடையிலிருந்து இறங்கியதும் தென்னரசு முதல் வேலையாகச் சவுரியைக் குழுவில் மறுபடி சேர்த்தான். வரவேற்பு இமோஜிகள் வரிசையாக வந்தன. 'வெல்கம் பேக் அண்ணா.' 'உண்மை வென்றது.' பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது சவுரியின் பதிவு வந்தது.

'மே பன்னிரண்டு. அக்கினி நட்சத்திரம். ஒலக்கூரில் அன்று மழை இல்லை.'

அப்புறம் தொடங்கினார்கள்.

'வந்த உடனே ஆரம்பிச்சிட்டாருடா.'

'அதான் மன்னிப்புக் கேட்டாச்சே, இன்னும் இன்னா பேஜாரு?'

'கோடை மழைன்னு ஒண்ணு கேள்விப்பட்டதில்லையா சார்?'

'அவர் அன்னிக்குத் திண்டிவனத்துல இருந்தாருன்னு அவரே எழுதியிருக்காரு. ஒலக்கூர் மழை அவருக்கு எப்படித் தெரியும்?'

இது நல்ல பாயின்ட் என்று நாற்பது பேர் சொன்னார்கள். கடைசியில் கலைப்பிரியா எழுதினாள்: 'அங்கிள்ஸ், சண்டை வேணாம். அண்ணன் ஜன்னல் கதை சூப்பரா இருந்துச்சு, கோப்புல ஏத்தணும். மழை உண்டா, இல்லையா? ரூல் ரூல்தான். ரெண்டு சாட்சி போடுங்க.'

உடனே மணிமாறன் எழுதினான்: 'நல்ல மழை. நான் சாட்சி.'

பஸ் வந்து நின்றது. தென்னரசு ஏறி, ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தான். 'அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும்' என்று யார் யாரோ எழுதிக்கொண்டேயிருந்தார்கள். அவன் 'இல்லை' என்று தட்டினான். ஹாலில் எடுத்த படம் அதற்குள் குழுவில் வந்துவிட்டிருந்தது. நடுவில் சீனுவாசன் சால்வையோடு சிரிக்கிறார். தோளில் மணிமாறனின் கை. தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

தட்டியதை அழித்தான். 'சாட்சி' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினான்.

சவுரிராயன் குழுவைவிட்டு வெளியேறினார் என்று கீழே சின்ன எழுத்தில் வந்தது. அதற்குள் கலைப்பிரியா ஞாபகக் கோப்பைத் திருத்தி முடித்திருந்தாள்.